மோதெக் அவருக்கு, யோவ் எனக்கு

எண்பத்தாறு வயதுக் கிழவர் ஒருவரை நினைத்து வயிறெரிந்த ஆள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவருக்குத் தானாக எழுந்து உட்கார முடியாது. இடது கை வராது. வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும் எனக்கு எரிந்தது. இன்னும் எரிகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, என் இடத்தில் நின்று பார்த்தால் எவனுக்கும் எரியும்.

நான் கம்பி மில்லில் கிரேன் கொக்கியில் சங்கிலி மாட்டுகிறவன். என் மனைவி பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறூட்டுகிற வேலையில் இருந்தாள். ஒரே மகள், ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இஸ்ரேலில் வயதானவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் எந்தப் புண்ணியவதியோ அவள் காதில் போட்டுவிட்டாள். ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து நான் சோற்றில் கை வைத்ததும் ஆரம்பித்தாள்.

"யோவ், நான் போவட்டா?"

"எங்க, கடைக்கா?"

"இஸ்ரேலுக்கு."

சோற்றை உருட்டியபடியே அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. "கேக்கறியா, சொல்றியா?" என்றேன்.

"கேக்கறேன்யா. பொண்ணு படிப்பு கீது. ஆரம்பாக்கத்துல எங்கம்மா குட்த்த எடம் சொம்மா கெடக்குது. ரெண்டு மூணு வருசம் போனா ஒரு ஊடு கட்டலாம். ஆனா ஹீப்ரு பேச வந்தாத்தான் எடுப்பாங்களாம். மொதல்ல அது வருதான்னு பாப்போம்."

நான் தாராளமாகத் தலையாட்டினேன். காரணம் இருந்தது. ஆரம்பாக்கத்தில் பிறந்து, தெலுங்கு பேசுகிறவர்கள் நடுவிலேயே வளர்ந்து, நாலு வார்த்தை தெலுங்கு சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவள் என் மனைவி. மகளுடைய இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி விடுவாள். இவளுக்கு ஹீப்ருவா வரப்போகிறது? எங்கள் சபையில் கை குலுக்கும்போது எல்லாரும் ஷாலோம் சொல்லுவோம். என்னைக் கேட்டால் ஹீப்ரு என்பதே அவ்வளவுதான், அதற்குமேல் எங்களுக்கு எதுக்கு?

வகுப்பு திருவள்ளூரில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், ஞாயிற்றுக்கிழமை தோறும். அதே நாட்டில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த ஓர் அம்மா பாடம் எடுத்தார். இவள் காலையிலேயே நாஷ்டாவைக் கட்டிக்கொண்டு பஸ் பிடித்து, பெரியபாளையத்தில் மாறி, போய்வருவாள். ஆராதனைக்கு நான் மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்தேன். டீச்சர் தன் குரலிலேயே வார்த்தைகளைப் பதிவு செய்து போனில் அனுப்பிவிடுவார். ஒரு தடவை ஹீப்ரு, ஒரு தடவை தமிழ், மறுபடி ஹீப்ரு. எங்கள் சமையல்கட்டில் மிளகாய் வறுபடும்போதும் மீன் கழுவப்படும்போதும் அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார்.

வராது என்று நினைத்தேன். வந்து தொலைத்தது.

முதல் வாரம் தண்ணீர் மாயிம் ஆனது. ரொட்டி லெஹெம், அரிசி ஓரெஸ். காலையில் எழுந்தால் பொகெர் தோவ், படுக்கப் போனால் லாய்லா தோவ். நன்றிக்குத் தொதா. மெதுவா, மெதுவா என்பதற்கு லெஅத், லெஅத். ஒரு நிமிஷம் இரு என்பதற்கு ரெகா. குண்டு விழப்போகிறது என்று சங்கு ஊதினால் ஓடி ஒளிகிற கெட்டிச் சுவர் அறைக்கு மமாத் என்று பெயர். எங்கள் மில்லில் சங்கு ஊதினால் சாப்பிடப் போவோம். அங்கே ஊதினால் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், அதுவும் ஓட முடியாத ஒரு ஆளைத் தள்ளிக்கொண்டு. "இதெல்லாம் தேவையா நமக்கு?" என்றேன். "சிப்காட்ல மட்டும் சாவு வராதா?" என்றாள்.

சொந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் கிடைக்காது என்ற நிலைமை வந்தது. மாயிம் என்று சொன்னால்தான் சொம்பு வரும். முதலில் கடுப்பாக இருந்தது. பிறகு எனக்கே வாயில் வர ஆரம்பித்தது. மில்லில் கூட வேலை செய்கிறவனிடம் தொதா என்று சொல்லிவிட்டு, அவன் முழிப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரே அறையில் நாள் முழுக்க ஒரு பாஷை ஓடினால் எருமைக்கும் பாதி வரும்.

அப்புறம்தான் பேஜாரு ஆரம்பித்தது. டீச்சர், வார்த்தைகளை வெறும் வாயால் சொல்லிப் பழகாதீர்கள், வீட்டில் யாரையாவது படுக்க வைத்துப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் யாரையாவது என்றால் நான்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, சாயங்காலம் டீக்குப் பிறகு நான் கட்டிலில் நோயாளியாகப் படுக்க வேண்டும். கை கால் அசைக்கக் கூடாது. இவள் வந்து என் தோளுக்கு அடியில் கை கொடுத்து, லெஅத், லெஅத் என்று சொல்லிப் புரட்டுவாள். தலையணையைச் சரிசெய்வாள். கர் லெகா, குளிருதா? அதா ராஏவ், பசிக்குதா? ஒவ்வொன்றுக்கும் நான் ஹீப்ருவில் ஆமாம், இல்லை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதலிலிருந்து.

கடைசியாக அவள் கேட்பது: எய்ஃபோ கோஏவ் லெகா? உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

அதற்கு நான் வலிக்கிற இடத்தில் கை வைத்து, கான் என்று சொல்ல வேண்டும். இங்கே என்று அர்த்தம்.

அந்தக் கேள்வியை அவள் கேட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்தி, முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு கையை நெற்றியில் வைத்துக் கேட்டாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஒருமுறை மில்லில் கம்பிக் கட்டு சரிந்து என் கால் கட்டைவிரல் நகம் பிய்ந்து வந்தது. கட்டோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து இவள் கேட்டது, "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" அதோடு சரி. பத்து நாள் எனக்கு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டாள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே வலிக்குது என்று ஒரு வார்த்தை? நானும் அவளைக் கேட்டதில்லை, அது வேறு கதை. நாங்கள் பேசுவதெல்லாம் கேஸ் வந்துச்சா, கரண்டு பில்லு கட்டினியா, சாவி எங்கே. இப்போது யாரோ ஒரு முகம் தெரியாத கிழவருக்காக, நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்துவைத்த மாதிரி ஒரு குரல் வருகிறது. இதை இத்தனை வருடம் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் அதையும் ஹீப்ருவில் கேள் என்பாள் என்று கம்மென்று கிடந்தேன்.

ஒரு சாயங்காலம் புதுசாக ஒரு வார்த்தை வந்தது.

"ரெகா, மோதெக்" என்றாள், என்னைப் புரட்டும்போது.

"ரெகா தெரியும். அது இன்னா மோதெக்?"

"சொம்மா பேசுறது. நம்ம ஊர்ல செல்லம்னு சொல்றதில்ல? அந்த மாரி. டீச்சர் சொன்னாங்க, அப்டி கூப்ட்டா அவங்களுக்குப் புட்ச்சிருக்கும்னு."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நோயாளி எழுந்து உட்காரக் கூடாது. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

"செல்லமா? என்ன ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, செல்லம்னு கூப்ட்டிருக்கியாடி நீ?"

"அய்ய! கெழவனாவப் போற வயசுல ஆசயப் பாரு!"

"எவனோ ஒருத்தன் செல்லம், கட்ன புருசன் யோவா?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உண்மைதான், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்ல மாட்டாள், என்னங்க என்பதும் அவள் வாய்க்கு ஒத்துவராது. யோவ்தான். கோபத்துக்கு ஒரு யோவ், காய்ச்சலுக்கு ஒரு யோவ், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் மரியாதைக்காகச் சத்தம் குறைத்து ஒரு யோவ். தெருமுனையில் நாலு பேரோடு நான் நின்றுகொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் நான் ஒருவன்தான் திரும்புவேன்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சரி, பேசி முடிச்சிக்கலாம். மோதெக் அந்தத் தாத்தாவுக்கு. யோவ் உனக்கு. அத வேற யாருக்கும் தரமாட்டேன், போதுமா? இப்ப பட்த்துக்கோ."

படுத்துக்கொண்டேன். ஒப்பந்தம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பரீட்சை மாதிரி ஒன்றை டீச்சர் நடத்தி, இவள் பேசுவது போதும் என்று சொல்லிவிட்டார். அடுத்தது, ஆள் தேடுகிற குடும்பத்தோடு வீடியோவில் பேசுவது. அந்தக் கிழவரின் மகள், அறுபது வயது இருக்கும், அவர்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறவர். பேச்சு மட்டும் போதாது, கட்டிலில் படுத்திருக்கிறவரை எப்படித் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிறாள் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று அந்தம்மா கேட்டிருந்தார். மறுபடியும் நான்தான் கிழவர்.

வீடியோவில் பேச வேண்டிய அன்றைக்கு மில்லில் சங்கிலி மாட்டும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தேன். இது ஒன்றுதான் மிச்சம். இதில் அவள் தவறினால் போகமாட்டாள். அவளை நிறுத்த வேறு வழியே இல்லை. எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. கிரேன் சுமை தூக்கும்போது எவன் ஒருவன் கத்தினாலும் எல்லாம் நின்றுவிட வேண்டும். கத்தியவன் மேஸ்திரியா, கூட்டுகிறவனா, எதற்குக் கத்தினான் என்றெல்லாம் கேட்கக் கூடாது. முதலில் நிறுத்து, அப்புறம் கேள். ஒரு கத்தலில் ஒரு டன் இரும்பு அந்தரத்தில் அப்படியே நிற்கும். நானும் அதையே செய்வது என்று முடிவுக்கு வந்தேன். பாதி தூக்கும்போது உயிர் போகிற மாதிரி கத்திவிட்டால் எந்த மகள் தன் அப்பாவை இவள் கையில் கொடுப்பாள்?

ஜன்னல் கம்பியில் போனைக் கட்டினாள். நல்ல புடவை, தலையில் எண்ணெய். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் போட்டாள். போனில் அந்தம்மா முகம், கண்ணாடி, குட்டை முடி. இவள் ஷாலோம் சொல்லி, பேர் சொல்லி, ஊர் சொல்லி, கேட்டதற்கெல்லாம் தட்டுத்தடுமாறியாவது பதில் சொன்னாள். பிறகு என்னிடம் வந்து தோளுக்கு அடியில் கை கொடுத்தாள். நான் உடம்பைக் கல்லாக்கிக்கொண்டேன். என் உடம்பு லேசுப்பட்ட உடம்பில்லை. மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். பாதி எழும்பினேன்.

கத்தினேன். மில் கத்தல். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

எல்லாம் நின்றது, நான் கணக்குப் போட்டபடியே. ஆனால் அவள் பதறவில்லை, போன் பக்கம் திரும்பவும் இல்லை. பாதியில் நின்ற என் முழு எடையையும் தன் மார்பில் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் என் பின்னந்தலையைப் பிடித்து, பூ மாதிரி திரும்பக் கட்டிலில் சாய்த்தாள். முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். நெற்றியில் கை வைத்தாள். "ரெகா, மோதெக், ரெகா. எய்ஃபோ கோஏவ் லெகா?"

அவள் கண்ணில் நிஜமாகவே பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என் திட்டமெல்லாம் மறந்துபோனது. எத்தனை சாயங்காலம் பழகிய வாய்! இடுப்பில் கை வைத்து, குழந்தை மாதிரி, "கான்" என்றேன்.

போனில் ஒரு சத்தம். பார்த்தால் அந்தம்மா கைதட்டுகிறார். கண்ணாடியைக் கழற்றி விரலால் கண் ஓரத்தைத் துடைத்துக்கொள்கிறார். யாரையோ கூப்பிட்டு எங்களைக் காட்டுகிறார். இந்தப் பெண் தன் புருஷனுக்கே எங்கள் பாஷை சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று அவர்களுக்கு ஒரே ஆச்சரியம். வேறு யாரையும் பார்க்க வேண்டாம், இவளே வரட்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஒரே ஒரு வார்த்தையால் கெட்டேன்.

போனை வைத்ததும் என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். "யோவ், இன்னாமா நட்ச்ச! உன்னாலதான்யா கெட்ச்சுது!" உடனே மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் கட்டிலிலேயே கிடந்தேன். எனக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. அந்தக் கண்ணில் இருந்த பயம் யாருக்கு? நான் கத்தினேன் என்று பயந்தாளா, கிழவர் கத்தினார் என்று பயந்தாளா? எனக்காக என்றால் தமிழில் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? இதை அவளிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் ஏன் கத்தினாய் என்று திருப்பிக் கேட்பாள்.

சபையில் அவளை முன்னால் முழங்காலில் நிறுத்தி ஜெபம் பண்ணினார்கள். பரிசுத்த பூமிக்குப் போகிற சகோதரி என்று எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யோர்தான் ஆற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லி ஆளாளுக்குக் கேட்டார்கள். போகிறவள் கிழவருக்கு வேட்டி... இல்லை, கால்சட்டை மாட்டிவிடப் போகிறாள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். போலீஸ்காரர், பெட்டி தள்ளுகிறவர்கள், அழுகிற குடும்பங்கள், அத்தனை கூட்டத்திலும் திரும்பி நின்று கூப்பிட்டாள். "யோவ்! நேரத்துக்கு துன்னு!" பத்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அது எனக்கு.

இப்போது தினம் வீடியோவில் பேசுகிறோம். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து நான் சோறு போட்டுக்கொண்டு உட்காரும்போது அங்கே இன்னும் மத்தியானம் ஆகியிருக்காது. கிழவருக்கு ஏதாவது ஊட்டிக்கொண்டிருப்பாள். போனை மேஜையில் சாய்த்து வைத்துவிடுவாள், அவர்கள் இரண்டு பேரையும் நான் பார்க்கலாம். கிழவர் சக்கர நாற்காலியில், கழுத்தில் துண்டு. கண் மட்டும் நல்ல நீலம். என்னைப் பார்த்து வலது கையைத் தூக்குவார், நானும் மரியாதைக்குத் தூக்குவேன். அவள் மோதெக், மோதெக் என்று கொஞ்சும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். அவருக்கு உரியதை அவர் வாங்கிக்கொள்கிறார்.

போன வாரம் ஒரு நாள் கிழவருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் ஸ்பூனை வைத்துக்கொண்டு கெஞ்சினாள். பெவகஷா என்றாள், தயவுசெய்து என்று அர்த்தம். மோதெக் என்றாள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிவாதமான ஆள் கையில் மாட்டினாயா, நன்றாக வேண்டும்.

"யோவ்!" என்றாள் திடீரென்று. "வாயத் தொறய்யா! ஆறிப்போவுதில்ல?"

எனக்குத்தான் என்று நினைத்து நான் போனைப் பார்த்தேன். கிழவர் வாயைத் திறந்தார். ஸ்பூன் உள்ளே போனது.

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "இப்ப அந்தாள இன்னான்னு கூப்ட்ட?"

"இன்னான்னு கூப்ட்டேன்?" ஒரு நொடி யோசித்தாள். பிறகு சிரித்தாள். "அய்ய, அதுவா? மோதெக், மோதெக்னு காலப் புடிச்சாலும் துன்னமாட்டேங்கறாருய்யா. யோவ்னு ஒரு அதட்டு போட்டா கம்முனு துன்றாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"அது என்னுதுடி."

"தெரியும்யா. வேணும்னேவா சொல்றேன்? உன்னத் தவுர எந்த ஆம்பளயயும் அதட்டி சோறு போட்டதில்லயே நானு. வாயில அதான் வருது." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. சமாதானம் செய்கிறாள் என்று தெரிந்தது. எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

"அப்ப இனிமே என்ன இன்னான்னு கூப்புடுவ?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. பல்லில்லாத, கரகரத்த குரல்.

"யோவ்!"

எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவன்கூட அவ்வளவு திருத்தமாகச் சொல்ல மாட்டான். கிழவர் இவளைத்தான் கூப்பிட்டார். பசி எடுத்துவிட்டது போலிருக்கிறது. அவள் முகம் மலர்ந்துபோனது. "தோ வரேன்யா, வரேன், அவசரம் இன்னா!" என்று அவருக்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டே எழுந்தாள். போன் சரிந்தது. விழாமல் அதைப் பிடித்து மேஜையில் மல்லாக்க வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலேயே எனக்கு ஒன்று சொன்னாள்.

"ரெகா, மோதெக்."

அந்த வீட்டின் வெள்ளைக் கூரையைப் பார்த்துக்கொண்டு காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்பூன் கிண்ணத்தில் படுகிற சத்தமும், யோவ் யோவ் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரிக்கிற சத்தமும் கேட்டது. இருபத்திரண்டு வருடம் கழித்து என்னைச் செல்லம் என்று கூப்பிட்டுவிட்டாள். எனக்கு வேண்டாம். என் யோவை அந்த ஆளிடமிருந்து வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.